குட்டி நாய் நம்மளைப் பார்த்தே உறுமுதா? அடிக்காம சரி பண்றது எப்படி

குட்டி உங்களைப் பார்த்து உறுமுற அந்த செகண்ட்ல என்ன பண்ணணும்னு முதல்ல சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம். கையை அப்படியே நிறுத்துங்க. வெடுக்குனு இழுக்கவும் வேணாம், இன்னும் நீட்டவும் வேணாம். கண்ணுக்கு கண்ணு பாக்காம முகத்தை லேசா பக்கவாட்டுல திருப்பிட்டு மெதுவா ரெண்டு அடி பின்னாடி வாங்க. திட்டாதீங்க, மூக்குல தட்டாதீங்க, கழுத்தைப் புடிச்சு உலுக்காதீங்க. அவ்ளோதான். அந்த நேரத்துல நீங்க என்ன சொன்னாலும் அது மண்டையில ஏறாது. அப்புறமா உக்காந்து யோசிங்க, நான் என்ன பண்ணப்ப உறுமுச்சு? சாப்பிட்டுட்டு இருந்துச்சா, எலும்பைக் கடிச்சுட்டு இருந்துச்சா, தூங்கிட்டு இருந்ததைத் தூக்கினேனா, காலைத் தொட்டேனா, சோஃபாவுல இருந்து எறக்கினேனா? இந்தக் கேள்விக்கு பதில் கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா சாப்பாட்டுக்கு உறுமுற குட்டிக்கு பண்ற பயிற்சி வேற, தொட்டா உறுமுற குட்டிக்கு பண்றது வேற.

"பின்னாடி வந்தா அது ஜெயிச்ச மாதிரி ஆயிடாதா, நாளைக்கு தலைமேல ஏறி உக்காந்துக்காதா"ன்னு நிறைய பேர் கேக்கறாங்க. ரெண்டு மூணு மாசக் குட்டிக்கு வீட்டை ஆளணும்ங்கற திட்டமெல்லாம் கிடையாதுங்க. பயமா இருக்கு, வலிக்குது, இதைப் புடுங்கிடாதே, கொஞ்சம் தள்ளிப் போ, இந்த நாலுல ஏதோ ஒண்ணைத்தான் அது சொல்லுது. ஆனா தினமும் அதே இடத்துல அது உறுமி, தினமும் நீங்க பின்னாடி வந்துட்டே இருந்தா, உறுமினா போயிடுவாங்கன்னு அதுவும் கத்துக்கும், அது உண்மைதான். அதனால பின்னாடி வர்றது அந்த நேரத்து முதலுதவி மட்டும்தான், நிஜமான வேலை குட்டி உறுமாம நிம்மதியா இருக்கற நேரத்துல நடக்கணும்.

அடிச்சா உறுமுறதை நிறுத்திடுமேன்னு கேட்டா, ஆமா, நிறுத்திடும். பயமே அங்கதான். நாய் எடுத்த எடுப்புல கடிக்காது. முதல்ல கொட்டாவி விடும், மூக்கை நக்கும், தலையைத் திருப்பிக்கும், அப்புறம் உடம்பு விறைக்கும், அப்புறம் உறுமும், அதுக்கும் மேல போனா காத்துல ஒரு கடி, கடைசியாதான் நிஜக் கடி. உறுமினதுக்கு அடி வாங்கின நாய்க்கு உள்ள இருக்கற பயம் அப்படியேதான் இருக்கும், சத்தம் மட்டும் போயிடும். அப்புறம் ஒரு நாள் "எதுவுமே காட்டாம சடார்னு கடிச்சுடுச்சு"ன்னு சொல்லுவாங்க, அது முன்னாடி எல்லாமே காட்டினதுதான், காட்டினதுக்கு அடி விழுந்ததால நிறுத்தினது. அதனால குட்டி உறுமுதுன்னா ஒரு வகையில நல்லதுன்னே நெனைங்க, இன்னும் அது உங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லுது.

மல்லாக்கப் போட்டு அமுக்கிப் புடி, நீதான் தலைவன்னு காட்டு, அப்படின்னு இன்னிக்கும் சொல்லிக் குடுக்கறாங்க. அது எங்க இருந்து வந்துச்சுன்னா, 1947ல ருடால்ஃப் ஷென்கல்னு ஒரு ஆராய்ச்சியாளர் அடைச்சு வச்சிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினது, அதுங்க ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு ஒண்ணு தலைவனா வருதுன்னு. அப்புறம் டேவிட் மீச்னு ஒரு ஓநாய் ஆராய்ச்சியாளர், ஆரம்பத்துல அந்தக் கருத்தைப் பரப்பினவங்கள்ல அவரும் ஒருத்தர், காட்டுல வருஷக்கணக்கா ஓநாய்களைப் பார்த்துட்டு 1999ல அதை மறுத்து எழுதினார், காட்டுல ஓநாய்க் கூட்டம்ங்கறது அம்மா அப்பா பிள்ளைங்கன்னு ஒரு குடும்பம்தான், சண்டை போட்டு தலைவன் ஆகற கதை அங்க இல்லைன்னு. நாயோ ஓநாயே கிடையாது, அது தனிக் கதை. 2009ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து கால்நடை மருத்துவர்கள் பிரச்சனைக்காக நாயைக் கூட்டிட்டு வந்தவங்ககிட்ட கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நாயை அடிச்சவங்க, உதைச்சவங்கள்ல 43 சதவீதம் பேர்கிட்ட நாய் பதிலுக்கு சீறியிருக்கு. வாயில இருக்கறதை பலவந்தமா புடுங்கினவங்கள்ல 39 சதவீதம், மல்லாக்கப் போட்டு அமுக்கினவங்கள்ல 31, வெறும்ன முறைச்சுப் பார்த்தவங்கள்லயே 30. உறுமலை அடக்கப் போய் கடி வாங்கற வழி இது, அதுவும் வளர்ற குட்டிகிட்ட. தயவு செஞ்சு பண்ணாதீங்க.

சரி, இப்ப ஒரு முக்கியமான விஷயம், எல்லா உறுமலும் கோபம் கிடையாது. கயிறு இழுக்கற விளையாட்டுல உர்ர்ர்னு சத்தம் போட்டுட்டே இழுக்கும் பாருங்க, அது சந்தோஷ சத்தம். உடம்பு விறைப்பில்லாம தளர்வா இருக்கும், முன்னங்காலைத் தரையில படுக்க வச்சு பின்பக்கத்தைத் தூக்கி நிக்கும், வாய் திறந்திருக்கும், நடுவுல தும்மும், நீங்க கயிறை விட்டா அதைத் தூக்கிட்டு திரும்ப உங்ககிட்டயே கொண்டு வரும். இதுக்கெல்லாம் பயப்பட வேணாம். 2010ல புடாபெஸ்ட்ல பண்ணின ஒரு ஆய்வுல விளையாட்டு உறுமல், எலும்பைக் காக்கற உறுமல், அந்நியரைப் பார்த்து போடற உறுமல் மூணையும் ரெக்கார்ட் பண்ணி, எலும்பு பக்கத்துல மறைச்சு வச்ச ஸ்பீக்கர்ல போட்டுப் பார்த்தாங்க, எலும்பைக் காக்கற உறுமல் கேட்டப்பதான் நாய்ங்க எலும்பை விட்டு விலகிச்சு. நாய்க்கு வித்தியாசம் நல்லாவே தெரியுது, நமக்கு காது பத்தாது, அதனால நாம உடம்பைப் பாக்கணும்.

நிஜமான உறுமல் வர்றதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னு சாப்பிட்டுட்டு இருக்கற குட்டிகிட்ட பாருங்க. நீங்க பக்கத்துல நடந்து வர்றீங்க. தலையைத் தூக்காம திடீர்னு வேகவேகமா முழுங்க ஆரம்பிக்கும். இன்னும் ஒரு அடி வந்தா உடம்பை லேசா நகர்த்தி பவுலுக்கும் உங்களுக்கும் நடுவுல தோளைக் கொண்டு வரும். அப்புறம் மெல்றது நின்னுடும், வாய் பவுலுக்குள்ளயே, கழுத்து கட்டை மாதிரி, கண்ணு மட்டும் உங்க பக்கம் திரும்பி ஓரத்துல வெள்ளை பிறை மாதிரி தெரியும். வால் ஆடிட்டே கூட இருக்கலாம், ஆனா விறைப்பா, சின்ன சின்னதா ஆடும், அதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. அந்த அசையாம நிக்கற ஒரு செகண்டுக்கு அடுத்ததுதான் உர்ர். உறுமலுக்கு முன்னாடி இருக்கற இந்த அமைதியை கண்டுபுடிக்கக் கத்துக்கிட்டீங்கன்னா மீதி எல்லாம் சுலபம்.

பயிற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வெட்கிட்ட, அதாவது கால்நடை டாக்டர்கிட்ட, ஒரு தடவை காட்டிடுங்க, முக்கியமா நேத்து வரைக்கும் நல்லா இருந்த குட்டி இன்னிக்கு திடீர்னு உறுமினா. காதுல புண்ணு, வயித்துல பூச்சி, உண்ணி கடிச்ச இடம், கால் பிசகினது, எதுவா வேணா இருக்கும். வலிக்கு பயிற்சி வேலைக்கு ஆகாது. பல்லும் ஒரு காரணம், 28 பால் பல்லும் நாலு மாசம் வாக்குல விழ ஆரம்பிச்சு ஆறு ஏழு மாசத்துக்குள்ள 42 பல்லு வரும், அந்த சமயத்துல ஈறு வலியில குட்டி கொஞ்சம் எரிச்சலாத்தான் இருக்கும், கடிக்க நல்ல பொம்மையா குடுங்க.

சாப்பாட்டு உறுமலுக்கு வருவோம், அதிகம் வர்றது இதுதான். முதல்ல செய்யக் கூடாதது: சாப்பிடறப்ப பவுலுக்குள்ள கையை விட்டு அளையறது, பாதியில பவுலைத் தூக்கறது, "நான் எடுத்தா விட்டுக் குடுக்கணும்"னு தினமும் சோதிக்கறது. நம்ம தட்டுல ஒருத்தர் தினமும் கையை விட்டா நமக்கே எரிச்சல் வரும்ல, அதே தான். குட்டிக்கு இதுல கிடைக்கற பாடம் என்னன்னா மனுஷன் பக்கத்துல வந்தா சாப்பாடு போயிடும். நாம கத்துக் குடுக்க வேண்டியது நேர் எதிர், மனுஷன் பக்கத்துல வந்தா இன்னும் நல்லது வரும்.

அதுக்கு பவுல்ல வழக்கமான சாப்பாடு போடுங்க. கையில அதை விட ருசியான ஒண்ணு, உப்பு மசாலா இல்லாம வேக வச்ச சிக்கன், எலும்பு எடுத்து சின்ன சின்னதா பிச்சது. குட்டி சாப்பிட ஆரம்பிச்சதும், எந்த தூரத்துல நீங்க நடந்தா அது கண்டுக்காம சாப்பிடுதோ அந்த தூரத்துலயே நடந்து போங்க, பத்து அடின்னா பத்து அடி. போற போக்குல ஒரு துண்டை பவுல் பக்கம் விழற மாதிரி எறிஞ்சுட்டு நிக்காம போயிட்டே இருங்க. நிக்கறதுதான் தப்பு, குனிஞ்சு பாக்கறது, பேர் சொல்லி கொஞ்சறது எல்லாமே அதுக்கு நெருக்கடி. திரும்ப வர்றப்ப இன்னொரு துண்டு. ஒரு சாப்பாட்டுக்கு நாலஞ்சு தடவை போதும். கொஞ்ச நாள்ல நீங்க வர்ற சத்தம் கேட்டதுமே தலையைத் தூக்கி, உடம்பெல்லாம் ஆட்டி, எங்க துண்டுன்னு உங்க கையைப் பாக்கும். அப்பத்தான் அரை அடி கிட்ட போகணும், அதுக்கு முன்னாடி போகாதீங்க. இப்படியே கொஞ்சம் கொஞ்சமா பவுல் பக்கத்துல வந்து மேல இருந்து துண்டைப் போடற அளவுக்கு வாங்க, அப்புறம் குனிஞ்சு போடறது, அப்புறம் ஒரு கையால பவுலைத் தொட்டுட்டு இன்னொரு கையால போடறது, ரொம்ப கடைசியா பவுலைத் தூக்கி உள்ள நல்ல துண்டு ரெண்டு போட்டு உடனே திருப்பி வைக்கறது. எந்த இடத்துல விறைக்குதோ அங்க நீங்க அவசரப்பட்டுட்டீங்கன்னு அர்த்தம், ரெண்டு படி பின்னாடி போயி அங்க இருந்து திரும்ப வாங்க. ரெண்டு நாள்ல ஆயிடணும்னு நெனைக்காதீங்க, வாரக்கணக்குல ஆகும், ஆகட்டும். வீட்டுல வேற நாய் இருந்தா தனித்தனி ரூம்ல சாப்பாடு. இந்தப் பயிற்சியை சின்னப் பிள்ளைங்க பண்ணவே கூடாது, பெரியவங்க மட்டும்.

செருப்பு, சாக்ஸ், எலும்பு, எதையாவது தூக்கிட்டு கட்டிலுக்கு அடியில போய் உக்காந்து உறுமுற குட்டிங்களுக்கு பண்டமாற்றுதான் வழி. துரத்தாதீங்க, துரத்தினா ஒண்ணு அது விளையாட்டாயிடும், இல்லன்னா அந்த செருப்பு பெரிய புதையல்னு குட்டி முடிவு பண்ணிடும். நிதானமா இருக்கறப்ப அதுக்கு ரொம்ப முக்கியமில்லாத ஒரு பொம்மையைக் குடுத்து பழக்குங்க. பொம்மை வாயில இருக்கறப்ப மூக்கு கிட்ட ட்ரீட் (அதுக்குப் புடிச்ச சின்ன தின்பண்டம்) காட்டுங்க, வாயைத் திறந்து பொம்மையைப் போட்டதும் "விடு"ன்னு சொல்லி ட்ரீட் குடுங்க, அப்புறம் முக்கியமான பகுதி, பொம்மையைத் திருப்பி அதுகிட்டயே குடுத்துடுங்க. விட்டா ட்ரீட்டும் வருது, பொம்மையும் திரும்ப வருதுன்னு புரிஞ்சுடுச்சுன்னா எதுக்கு உறுமணும்? பழகினதும் "விடு"ன்னு முதல்ல சொல்லிட்டு ஒரு செகண்ட் காத்திருங்க, தானாவே விடும். மாத்திரை அட்டை, பேட்டரி மாதிரி ஆபத்தான பொருள்னா பயிற்சிக்கெல்லாம் நேரமில்ல, ஒரு கைப்பிடி ட்ரீட்டை நாலடி தள்ளி தரையில இறைச்சு விடுங்க, அது பொறுக்க போறப்ப பொருளை எடுத்துடுங்க. அப்புறம் அந்தப் பொருளெல்லாம் இனிமே தரையில கிடக்கக் கூடாது, அது நம்ம வேலை, குட்டியோட தப்பில்ல.

சோஃபா, கட்டில்ல இருந்து எறக்கப் போனா உறுமுதுன்னா காலரைப் புடிச்சு இழுக்காதீங்க. கீழ ஒரு ட்ரீட்டைப் போட்டு "எறங்கு"ன்னு சொல்லுங்க, எறங்கினதும் இன்னொண்ணு. நீங்க வீட்டுல இருக்கற நேரத்துல மட்டும் லேசான லீஷ் (நாயைக் கூட்டிட்டுப் போற கயிறு) ஒண்ணைக் காலர்ல மாட்டி தரையில இழுபட விட்டீங்கன்னா கையை அது முகத்துக்கிட்ட கொண்டு போகாமயே கூட்டிட்டு வரலாம். தூங்கறப்ப உறுமினா பதில் இன்னும் சுலபம், தூங்கற குட்டியைத் தொடாதீங்க. தள்ளி நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க, முழிச்சு எழுந்து வரட்டும்.

தொட்டா, தூக்கினா, நகம் வெட்டப் போனா உறுமுற குட்டிக்கு தொடறதோட அர்த்தத்தை மாத்தணும். முதல்ல தொடறது, அப்புறம் ட்ரீட், இந்த வரிசை மாறவே கூடாது. ட்ரீட்டைக் காட்டிட்டு தொட்டீங்கன்னா கொஞ்ச நாள்ல ட்ரீட்டைப் பார்த்தாலே என்னமோ பண்ணப் போறாங்கன்னு சந்தேகப்பட ஆரம்பிச்சுடும். தோளை ஒரு செகண்ட் தொடு, கையை எடு, ட்ரீட். பத்து தடவை, முடிஞ்சுது இன்னிக்கு. அது நிம்மதியா இருந்தா அடுத்த நாள் காலர், அப்புறம் காது, அப்புறம் பாதம், பாதத்தை ஒரு செகண்ட் புடிச்சு விடறது, நகவெட்டியை சும்மா பாதத்துல வச்சு எடுக்கறது, ஒரே ஒரு நகம். தூக்கறப்ப மேல இருந்து கழுகு மாதிரி பாயாம பக்கத்துல உக்காந்து "தூக்கறேன்"னு எப்பவும் ஒரே வார்த்தையை சொல்லி, ஒரு கை நெஞ்சுக்கு அடியில, ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில குடுத்து தூக்குங்க. என்ன நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும். கட்டிப் புடிச்சு முகத்தோட முகம் வைக்கறது நமக்கு பாசம், நிறைய நாய்க்கு அது மூச்சு முட்டற விஷயம்.

சாயங்காலம் ஆனா பைத்தியம் புடிச்ச மாதிரி ஓடி, பேன்ட்டைக் கடிச்சு, தடுத்தா உறுமுதா? பெரும்பாலும் தூக்கம் பத்தலை. குட்டி ஒரு நாளைக்கு 18ல இருந்து 20 மணி நேரம் தூங்கணும், வீட்டுல ஆள் மாத்தி ஆள் விளையாடிட்டே இருந்தா எங்க தூங்கும். அமைதியான மூலையில படுக்கையைப் போட்டு, கடிக்க ஒண்ணு குடுத்து படுக்க வைங்க, பத்து நிமிஷத்துல தூங்கிடும். விளையாட்டு சூடு ஏறி பல்லு அழுத்தமா பட ஆரம்பிச்சா மட்டும் சத்தம் போடாம நீங்க எழுந்து அடுத்த ரூமுக்குப் போயி கதவை சாத்திட்டு அரை நிமிஷம் கழிச்சு வாங்க. பல்லு பட்டா விளையாட்டு முடிஞ்சுதுங்கறது மட்டும்தான் அதுக்கு புரியணும். எட்டு வாரத்துக்கு முன்னாடியே அம்மாகிட்ட இருந்து பிரிச்ச குட்டின்னா இதுல கொஞ்சம் கூடுதலா பொறுமை வேணும், எவ்ளோ அழுத்தமா கடிக்கலாம்ங்கறதை கூடப் பொறந்ததுங்களோட விளையாடித்தான் குட்டி கத்துக்கும், அதுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கல. மூணு வாரத்துல இருந்து 12, 14 வாரம் வரைக்கும்தான் புது ஆள், புது சத்தம் எல்லாத்தையும் குட்டி சுலபமா ஏத்துக்கற வயசு, அதனால இந்த வேலையை பெருசானதும் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.

வீட்டுல இருக்கற எல்லாரும் இதையே பண்ணணும். நீங்க பொறுமையா சிக்கன் துண்டு போட்டுட்டு இருக்க, இன்னொருத்தர் வந்து பவுலை வெடுக்குனு எடுத்தா மொத்த உழைப்பும் போச்சு. பிள்ளைங்க இருக்கற வீடுன்னா குட்டியையும் பிள்ளையையும் தனியா விடவே விடாதீங்க, அது எவ்ளோ சாதுவான குட்டியா இருந்தாலும் சரி.

பல இடத்துல பல காரணத்துக்கு விறைச்சு உறுமுது, காலி பவுலுக்கே உறுமுது, கடிச்சு ரத்தம் வந்துடுச்சு, இப்படின்னா தனியா முயற்சி பண்ணாம வெட் மூலமா நல்ல ட்ரெயினரைப் புடிங்க. உறுமினா என்ன பண்ணுவீங்கன்னு அவர்கிட்ட கேளுங்க, கழுத்தை இறுக்கற சோக் செயின், கரண்ட் ஷாக் குடுக்கற ஷாக் காலர், அமுக்கிப் புடிக்கறதுன்னு பதில் வந்தா நன்றி சொல்லிட்டு வேற ஆளைப் பாருங்க. கடிச்சு பல்லு பதிஞ்சா, கீறல்னாலும் கூட, ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே டாக்டரைப் பாருங்க, குட்டிதானே, வீட்டு நாய்தானேன்னு விடாதீங்க, ஏன்னா ரேபிஸ் தடுப்பூசியை குட்டிக்கே பெரும்பாலும் மூணு மாசம் வாக்குலதான் போடுவாங்க. குட்டியோட குணம் திடீர்னு மாறி, எச்சில் ஒழுகி, முழுங்க முடியாம தவிச்சா அது ரேபிஸாவும் இருக்கலாம், வாய்க்குள்ள கையை விட்டுப் பாக்காம, தனியா அடைச்சுட்டு வெட்டுக்கு போன் பண்ணுங்க.

உறுமல் நின்னதுக்கு அப்புறமும் அப்பப்ப பவுல் பக்கம் போறப்ப ஒரு துண்டு போட்டுட்டுப் போங்க, "விடு" விளையாட்டையும் விடாம விளையாடுங்க. ஆறு மாசத்துக்கு மேல, வளர்ந்து வர்ற வயசுல, மறந்து போச்சுன்னு நெனைச்ச உறுமல் சில குட்டிகிட்ட திரும்ப எட்டிப் பாக்கும். அப்ப பதறாம பத்து அடி தூரத்துல இருந்து முதல் துண்டை எறிஞ்சு ஆரம்பிங்க, இந்த தடவை சீக்கிரமே கிட்ட வந்துடலாம்.